உட்கார்ந்தே தூங்குகிறவர்

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கத்தரியால் கிழித்த பிறகுதான் நோயெலிக்கு நிலைமை புரிந்தது. மேலே தோல் புதிதுபோல இருந்தது. பிளீச்சிங் தண்ணீரால் நான்கு முறை துடைத்திருந்தாள். உள்ளே ஸ்பாஞ்சு முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், கம்பளிப்பூச்சியின் முதுகைப்போல மயிர்விட்டு நின்றது.

மே மாதம் தக்வாரி ஆறு ஊருக்குள் வந்து ஒன்பது நாள் தங்கிவிட்டுப் போனது. நோயெலி வீடு திரும்பியபோது சுவரில் அவள் தலைக்கு மேலே சேற்றுக்கோடு ஓடியது. எது தேறும், எது தேறாது என்று பார்ப்பதே அதன்பின் அவளுக்கு வேலையாகிவிட்டது. பானைகள் தேறின. மெத்தைகளை அன்றைக்கே தெருவில் போட்டாள். கல்யாணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகியிருந்தன, அதையும் போட்டாள். அந்தத் தோல் நாற்காலியை மட்டும் போட முடியவில்லை.

அவள் கணவர் வல்மோர் முப்பது வருஷம் குவாரியில் கருங்கல் உடைத்தவர். உடைத்த கல்லின் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேதான் தூங்கினார். இப்போது மலைமேல் தன் தங்கை வீட்டில் இருந்தார். முதுகுக்கு எத்தனை தலையணை வைத்தாலும் விடிவதற்குள் சரிந்துவிடுகிறார், உதடு நீலம் பாரித்து எழுந்திருக்கிறார் என்று தங்கை போனில் அழுதாள். நிவாரணக் கூடத்தில் மெத்தை கொடுத்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். இப்படிச் சாய்ந்து தூங்கும் நாற்காலி வேண்டும் என்றபோது பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

தினமும் சாயங்காலம் வல்மோர் போனில் ஒரே கேள்விதான் கேட்பார், நாற்காலி காய்ந்ததா என்று. காய்ந்துகொண்டிருக்கிறது என்பாள். அந்த ஊரில் ஜூன் என்றால் குளிர்காலம்; பனிமூட்டத்தில் துவைத்த சட்டைகூடக் காயவில்லை.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து ரொசானே வந்தாள். குனிந்து உள்ளே பார்த்துவிட்டு முகமூடியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

“மேல எவ்வளவு தொடச்சாலும் பிரயோஜனமில்லக்கா. அவர் உக்காரும்போதெல்லாம் உள்ள இருக்கிற தூசி மேல வரும். நல்ல நெஞ்சுக்கே ஆகாது.”

“அப்ப அவரு எதுல தூங்குவாரு?”

ரொசானே கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். தலைப்பக்கம் உயரும் கட்டிலுக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னாள். எப்போது வரும் என்று அவளும் சொல்லவில்லை, நோயெலியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு தொட்டிலை வாசலில் வைத்துக்கொண்டு, அது தேறுமா என்று கேட்க ரொசானேவுக்காகக் காத்திருந்தார்கள்.

ஸ்பாஞ்சைப் பிய்த்துவிட்டுக் கம்பளியை அடைத்தால் என்ன என்று நோயெலிக்குத் தோன்றியது. விரலால் சட்டத்தை அழுத்திப் பார்த்தாள். ஊறிய ரொட்டிபோல மரம் உள்வாங்கியது. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை குப்பை அள்ளும் இயந்திரம் தெருமுனைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து குப்பைக் குவியலின் ஓரமாக வைத்தாள். கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. தெருவைப் பார்த்தபடி நிமிர்த்தியே வைத்தாள்.

உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் வல்மோர் தெருவில் வந்துகொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டிருக்கிறார். குவியல்களைத் தாண்டி வண்டி வர முடியாததால் தங்கையின் கணவன் முனையிலேயே இறக்கிவிட்டிருக்கிறான். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பாதியாக மெலிந்திருந்தார். வீட்டைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தார்.

“காஞ்சுக்கிட்டிருக்குன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“நல்லாத்தானே இருக்கு.”

“மேலதான். உள்ள போயிருச்சு.”

அவர் கைப்பிடியைத் தடவினார். “எனக்கும்தான் உள்ள போயிருச்சு. என்னையும் இங்கயே வச்சிரு.”

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அவள் பிடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். அவர் பாரத்தில் தையல் வழியே சாம்பல்போல ஏதோ மெல்ல எழும்பியது.

“எந்திரி, வல்மோர்.”

“ஒரு நிமிஷம். மூச்சு வாங்கிக்கிறேன்.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூன்று வாரத்துத் தூக்கம் ஒரேயடியாக வந்து அவரை எடுத்துக்கொண்டது. நோயெலி தோளைத் தொட்டாள், உலுக்கவில்லை. தன் முகமூடியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள். தூக்கத்திலேயே அதைத் தாடைக்குத் தள்ளிவிட்டார். அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அப்படி ஏறி இறங்கி அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இயந்திரம் தொட்டிலை அள்ளி லாரியில் போட்டுவிட்டு அவர்கள் வாசலுக்குத் திரும்பியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான். இயந்திரத்தின் இரும்புப் பல்லிலிருந்து சேற்றுத் தண்ணீர் கல்பாவிய தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.