பத்தே முக்கால் வரை மடங்காத ஊர்

மனித குல வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவரும் எழுந்து நின்று குறித்துக்கொள்ளும்படி இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகாணி பூட்டுகிற பெண்ணின் வீட்டில், கொடியில் தொங்கிய துண்டு மடங்க மறுத்தது. இழுத்தபோது பலகைபோல முழுசாக வந்தது. அவள் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, முகத்தைத் துண்டிடம் கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டாள். பத்தே முக்காலுக்குத் துண்டு தானாகத் தளர்ந்து தரையில் விழுந்தது. அன்றைக்கு வெயில் சுமார். பால் விலை ஏறவில்லை.

கடையில் அவளைத் திருகாணி என்றே கூப்பிடுவார்கள். சட்டத்தையும் காதுக் கம்பியையும் இணைக்கிற எள்ளளவுத் திருகாணியை இடது கை விரல் நுனியில் ஒட்டவைத்து, வலது கையால் ஒரே மூச்சில் முடுக்கிவிடுவாள். அந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேரின் மூக்கு மேல் அவளுடைய வேலைதான் உட்கார்ந்திருந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு அவளுக்கு மூட்டு அழற்சி வந்தது. உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன் என்று முடிவுகட்டி, மூட்டு மூட்டாக அடித்துத் துவைக்கிற நோய். வாரம் ஒரு நாள் விழுங்கும் மாத்திரை ஆறு வருடம் காவல்காரனைத் தூங்க வைத்தது. ஏழாவது வருடம் அவன் மாத்திரைக்கும் பழகிவிட்டான். காலையில் எழுந்தால், ராத்திரி யாரோ விரல்களுக்குள் சிமெண்டு ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பத்தே முக்கால் வாக்கில் விரல்கள் மெல்ல மடங்கும். அதுவரைக்கும் கடைத் திருகாணிகள் தரையில் உருண்டன, முதலாளி குனிந்து தேடினார், தேடும்போதெல்லாம் தன் மனசு எத்தனை பெரிது என்று அவளுக்கு நினைவூட்டினார்.

சொல்லாமல் இருந்தாளா என்றால், சொன்னாள். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிற கணவன், "மாத்திரைதான் போடுறியே?" என்றான். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பது அதைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறார்கள். கூடவே இருந்த நாத்தனார், கணவனின் அக்காள், வாயால் மட்டும் வீட்டு வேலை செய்கிறவள். "எனக்கும்தான் காலையில எழுந்தா உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. நான் என்ன படுத்தா கிடக்கேன்?" என்றாள், படுத்துக்கொண்டு. மருத்துவமனையின் மூட்டுப் பிரிவுத் தலைவர், பெரிய டாக்டர் என்று அழைக்கப்பட்டவர், ரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் பிடித்து ஓவியத்தை ரசிப்பதுபோல் ரசித்தார். "ரிப்போர்ட் அருமையா இருக்கும்மா. ரிப்போர்ட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சின்ன டாக்டர் ஒருத்திதான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போச்சுன்னா எலும்பை அரிச்சிடும். அப்புறம் எந்த ஊசி போட்டாலும் விரல் நேராகாது. ஊசிக்கு மாத்தச் சொல்லி மனு குடுங்க" என்றாள். திருகாணி பிடிக்காத விரலை வைத்துக்கொண்டு அந்தக் கடையில் என்ன செய்வது என்று சின்ன டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறுவது சாமானியக் காரியமல்ல. அதற்கு மூவர் குழு இருந்தது. பெரிய டாக்டர் தலைவர், மற்ற இருவர் தலையாட்டுவதற்கு. காலை நேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதைக் குழு நேரில் கண்டு உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. குழு கூடும் நேரம் பதினொன்றரை. அதற்கு முன்னால் கூடுவது, தேநீர் குடிக்காமல் கூடுவதாகிவிடும். முதல் மனுவுக்காக அவள் போய் நின்றாள். குழு அவள் விரல்களை மடக்கிப் பார்த்தது, மடங்கின. "நல்லாத்தானே இருக்கு" என்று எழுதினார்கள், அதையே நல்ல மொழியில்.

முதல் நிராகரிப்புக் கடிதம் வந்த மறுநாள், துண்டிலிருந்த விறைப்பு வீடு முழுக்கப் பரவியது. திரைச்சீலை நின்றபடி நின்றது. குழாய் திறக்கவில்லை, தாழ்ப்பாள் அசையவில்லை, பற்பசை வெளியே வந்து கம்பிபோல் நீட்டிக்கொண்டு உடையாமல் இருந்தது. கணவன் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி கூடத்தின் நடுவில் பத்தே முக்கால் வரை நின்றான். நாத்தனாருக்கு முழங்கால் மடங்கவில்லை, விரல்கள் கரண்டியைச் சுற்றி வரவில்லை, எழுந்து உட்காரவே அரை மணி நேரம் ஆயிற்று. அவள் கண் கலங்கி, தம்பி மனைவியின் கையைத் தன் விறைத்த கையால் தொட்டு, "அடியே, இதையா தினமும் சுமந்துக்கிட்டு இருந்தே? ஒரு வார்த்தை உரக்கச் சொல்லக் கூடாதா?" என்றாள். உருக்கமான காட்சிதான். ஒன்றரை நிமிடம் நீடித்தது. அதன் பிறகு, "சரி, உனக்கு இது பழகினது. நீயே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடு" என்றாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பழமொழிகள் மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாக நினைத்துவிடுகின்றன. இரண்டாவது மனுவும் திரும்பி வந்து விறைப்பு தெரு முழுவதையும் பிடித்தபோது, தெருவுக்குத் தெரிந்த ஒரே பாடம், பழக்கப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான். முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளவும், கதவுக் குமிழில் துணியைச் சுற்றி இடுப்பால் திருப்பவும், கைகளை வெந்நீரில் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டு அந்தக் கால் மணி நேரச் சலுகையில் முக்கியமான மூன்று வேலைகளை மட்டும் முடிக்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஸ்குரூ டிரைவரின் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தாள். ஆகவே காலை ஆறு மணியிலிருந்து, வலி கொஞ்சமும் குறையாத அவள், வீடு வீடாகப் போய்க் கதவு திறந்துவிட்டாள், குழாய் திறந்துவிட்டாள், மாமாக்களுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். "தப்பா நினைச்சுக்காதே, எங்களுக்கெல்லாம் ரொம்ப வலிக்குதும்மா" என்று எதிர் வீட்டு அத்தை விளக்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்தார். வலி என்பது வெறும் எண்ணம் என்றும், எண்ணத்தை மாற்றினால் எலும்பே மாறும் என்றும் தெருமுனைப் பூங்காவில் காலை ஏழு மணிக்கு வலது கையை வானத்துக்கு உயர்த்திச் சொன்னார். உயர்த்திய கை இறங்கவில்லை. மலர்ந்த சிரிப்பும் மூடவில்லை. எட்டு மணிக்கு அந்தக் கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே அதுவும் விறைத்துப்போயிற்று. பத்தே முக்காலுக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் பிரிந்தார்கள்.

மூன்றாவது நிராகரிப்புக்குப் பிறகு ஊர் எல்லை வரைக்கும் எதுவும் மடங்கவில்லை. கொடிக்கம்பத்துக் கொடி காற்றில்லாமலே பறந்த கோலத்தில் நின்றது, நாய்கள் வாலை எந்தப் பக்கம் வைத்திருந்தனவோ அந்தப் பக்கமே வைத்திருந்தன. உயர்மட்ட ஆய்வு நடந்தது. காரணம் ஒரு பெண்ணுக்கு மருந்து மாற்றித் தராததுதான் என்று தெருக்காரர்கள் அத்தனை பேரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஆய்வு அறிக்கை அதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, ஒருத்திக்கு மருந்தை மாற்றுவது தவறான முன்னுதாரணமாகிவிடும் என்பதால், ஊரின் நேரத்தை மாற்றும்படி சிபாரிசு செய்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய ஊர் இனிப் பதினொன்றுக்குத் தொடங்கட்டும் என்று ஆணை வந்தது. பள்ளிக்கூடம், சந்தை, கடை, அலுவலகம் எல்லாம் நான்கு மணி நேரம் தள்ளிப்போயின. அலுவலகங்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனைக் குழுவும் ஆணைக்குக் கட்டுப்பட்டு, பதினொன்றரையிலிருந்து மாலை மூன்றரைக்கு மாறிக்கொண்டது.

பெரிய டாக்டரின் வீடு ஊர் எல்லைக்குள்தான் இருந்தது. மூன்று நாள் அவர் செருப்புக்குள் கால் நுழைக்க முடியாமல் மனைவியைக் கூப்பிட்டார், மனைவி வர முடியாமல் அவரைக் கூப்பிட்டாள். நான்காம் நாள் குழு அவசரமாகக் கூடி, மூன்று புதிய மனுக்களைப் பரிசீலித்தது. மூன்றும் குழு உறுப்பினர்களுடையவை. அவரவர் விறைப்பை அவரவரே நேரில் கண்டிருந்தபடியால் விதி மீறப்படவில்லை. ஒரே அமர்வில் மூன்றும் நிறைவேறின. அதே அமர்வில் திருகாணியின் நான்காவது மனுவையும் எடுத்துக்கொண்டு, மாலை மூன்றரை மணிக்கு அவள் விரல்கள் திருப்திகரமாக மடங்குவதாகக் குறித்தார்கள். உண்மையில் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் அதற்குள் பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்தன. அவை மடக்கிப் பார்க்கும் பட்டியலில் இல்லை.

முதல் ஊசி பெரிய டாக்டருக்கு. ஊசி வேலை செய்ய ஆறு வாரம் பிடிக்கும், பொறுமை வேண்டும் என்று நோயாளிகளிடம் இருபது வருடமாகச் சொல்லிவந்தவர், தனக்கு ஆறு நிமிடத்தில் வேலை செய்யும் என்று நம்பினார். அன்று காலை ஒன்பது மணிக்கு, வேறு ஊர் மாநாடு ஒன்றில் "நோயாளியின் பொறுமையே முதல் மருந்து" என்ற தலைப்பில் அவர் காணொளி வழியாகப் பேச வேண்டியிருந்தது. அதற்குள் கழுத்து டையையாவது கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, ஏழரைக்கே தன் அறைக்கு ஊசியை வரவழைத்தார். ஊசி, பேனாவைப்போல ஒரு குழாய்க்குள் இருந்தது. மூடியைக் கழற்றித் தொடையில் வைத்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும். டாக்டரால் மூடியைப் பிடிக்க முடியவில்லை. நர்ஸ் கைகளை முன்னால் நீட்டியபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகென்ன, பழக்கப்பட்டவளுக்கு ஆள் போயிற்று.

"வாங்கம்மா, வாங்க. நீங்கதான் இதுக்கெல்லாம் பழக்கப்பட்டவங்களாச்சே. மூடியைத் திறந்து அழுத்திவிடுங்க, அவ்வளவுதான்" என்றார் பெரிய டாக்டர். ஏழு வருடத்தில் அவளை அவர் 'நீங்க' என்றது அதுவே முதல் தடவை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, மேசை மேல் மரியாதையாகத் துப்பினாள். குழாயை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். பிறகு அதைத் தன் தொடையில் வைத்து, வலது மணிக்கட்டால் ஓங்கி அழுத்தி, ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணத் தொடங்கினாள். நான்கு வரைக்கும் டாக்டருக்குப் புரியவில்லை.

"என்ன பண்றே? ஏய், என்ன பண்றே நீ? அது என்னோடது!"

"ஏழு, எட்டு" என்றாள் அவள்.

"நர்ஸ்! பிடி அவளை!"

"எப்படி சார் பிடிக்கிறது?" என்றாள் நர்ஸ். நியாயமான கேள்வி.

"ஒன்பது. பத்து." அவள் குழாயை மேசையில் வைத்தாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர். பழக்க தோஷம்."

திருட்டு என்று எழுதலாம் என்றால், ஏழரை மணிக்கு டாக்டர் அறையில் அந்த ஊசிக்கு என்ன வேலை, தலைவரின் மனுவைத் தலைவரே எப்படி ஏற்றார் என்றும் எழுத வேண்டிவரும். வீணாயிற்று என்று எழுதலாம் என்றால், வீணான ஊசியைத் திருப்பித் தர வேண்டும். அதுவோ அவள் தொடைக்குள் இருந்தது. போதாததற்கு, முதல் ஊசி போட்டுக்கொண்டவருக்கு நடுவில் நிறுத்தக் கூடாது என்று அதே குழு இயற்றிய பதினான்காம் விதி சொன்னது. சின்ன டாக்டர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடிக்கோடு போட்டு, தலைவரின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை மூன்றரைக்குக் குழு கூடி, திருகாணியின் மனுவை முந்தின வாரத் தேதியிட்டு ஏற்றுக்கொண்டது. எல்லோருடைய விரல்களும் அப்போது நன்றாக மடங்கியதால் கையெழுத்து அழகாக விழுந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஊர் எல்லையில் நாய்கள் காலையிலேயே வாலாட்டின. ஏழாவதுக்குப் பிறகு தெரு தளர்ந்தது, ஒன்பதாவதுக்குப் பிறகு வீடு. கடைசியில் அவளும். பெரிய டாக்டர், தமக்கு ஊசி தேவைப்படாமல் போனதைத் தம் மன உறுதியின் விளைவு என்று இன்னொரு மாநாட்டில் விளக்கினார். நாத்தனார் பழையபடி, "எனக்கும்தான் அப்ப வலிச்சுது, நான் என்ன ஊரையா விறைக்க வெச்சேன்?" என்று கேட்கலானாள். திருகாணியின் சாய்ந்த இரண்டு விரல்களும் நேராகவில்லை. அவள் மீதி எட்டை வைத்துத் திருகாணி முடுக்கக் கற்றுக்கொண்டாள், முதலாளி தரையில் தேடுவது நின்றது.

ஊரின் நேரத்தை மாற்றிய ஆணையை ரத்து செய்ய யாரும் மனுப் போடவில்லை. அவள் இப்போது ஐந்தே முக்காலுக்கு வலியில்லாமல் எழுந்து, ஏழு மணிக்குக் கடை வாசலில் நிற்கிறாள். கடை பதினொன்றுக்குத் திறக்கிறது.