கீரைக்கு ஒரே வார்த்தை

"ஒரே வார்த்தையில சொல்லுடி. குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?"

பாத்தியோரம் குந்தியிருந்த அக்கா, கீரையைக் கிள்ளியபடியே கேட்டாள். பத்து மாதக் குழந்தை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. தங்கை குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். எந்த மண்ணில் என்ன நஞ்சு இருந்தால் காய்கறியில் எவ்வளவு ஏறும் என்று கணிப்பதுதான் அவளுக்கு வேலை. எதைக் கேட்டாலும் "ஒருவேளை" என்றே தொடங்குவதால் ஆய்வகத்தில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. "ஒருவேளை வந்தாச்சா?" என்று தேடுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். சில நாட்களாகச் சிரிப்பு வரவில்லை.

பலரும் பாத்தி பிரித்துப் பயிரிடும் அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்தது உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை. அங்கிருந்து கசிந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் மண்ணில் இருப்பது சோதனையில் உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் சோதனைக்கு அனுப்பிய கீரையின் முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை அவளுடைய கணக்குதான் கதி. திரையில் அது ஒரு கோடு. அனுமதித்த அளவுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடியது. ஆனால் கோட்டின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விரிந்திருந்தது. உண்மை அந்தப் பட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதன் மேல்விளிம்போ அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு. மண்ணில் அமிலம் கூடினால் ஏறும், எரு சேர்ந்தால் இறங்கும், பாத்திக்குப் பாத்தி மாறும். கணக்குக்கு அடிப்படையான செடிகளோ ஆய்வகத் தொட்டியில் வளர்ந்தவை, மழையையே பார்க்காதவை. பட்டையைக் குறுக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். பல் துலக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் மனம் அதிலேயே கிடந்து உழன்றது.

அன்று மாலை பாத்தி வைத்திருந்தவர்கள் எல்லாரையும் தோட்டத்தில் கூட்டியிருந்தார்கள். "கோட்டை மட்டும் சொல்லுங்க. பட்டையைப் பத்திப் பேசினா ஜனங்க குழம்பிடுவாங்க" என்று ஆய்வக இயக்குநர் வரும் வழியிலேயே சொல்லிவிட்டார். அவள் இரண்டையும் சொன்னாள். பக்கத்துப் பாத்திக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கையைத் தூக்கினார்.

"ஏம்மா, பிரேக் பிடிச்சாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும்னு சொன்னா, நான் வண்டிய எடுக்கிறதா வேண்டாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கோடெல்லாம் கிடக்கட்டும். இவளுக்கு உன் கையால ஊட்டுவியா?"

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"மாட்டேன்கா."

சிரிப்பு அடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய் இவர்களைச் சேர்த்துத் தோட்டம் போட வைத்தவளே அக்காதான். ஓட்டுநர் கீரையோடு நிற்காமல் தக்காளிச் செடிகளையும் பிடுங்கத் தொடங்கினார். "ஐயா, தக்காளில அவ்வளவா ஏறாது" என்று தங்கை கத்தியது யார் காதிலும் விழவில்லை. அக்கா தன் பாத்தியை வேரோடு பிடுங்கிக் குவித்தாள். அன்றிலிருந்து அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

சோதனை முடிவு வந்ததும் தங்கை நேரே தோட்டத்துக்கு ஓடினாள். அக்கா காலிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தாள். அவள் பாத்திக்கும் ஓட்டுநர் பாத்திக்கும் நடுவே எல்லையாக ஒரு கயிறு மட்டும்.

"உன் கீரை சுத்தமா இருந்திருக்குக்கா. அளவுல பாதிகூட இல்ல."

அக்காவின் மண்வெட்டி நின்றது. "நல்ல கீரையையா பிடுங்கிப் போட்டேன்?"

"பக்கத்துப் பாத்தில ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு."

"இந்தக் கயித்துக்கு அந்தாண்டையா?"

"ஆமா."

அக்கா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப உன் கணக்கு சரியா, தப்பா?"

"ரெண்டும் பட்டைக்குள்ளதான் இருக்கு."

"அடுத்த தடவை போட்டா?"

தங்கை பாத்தியைப் பார்த்தாள். கொத்திவிட்ட மண் கறுப்பாக, ஈரமாக, பார்க்க ஆசையாக இருந்தது. ஒரே வார்த்தை, நாக்கு நுனிவரை வந்தது. எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கா காத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து விதைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்து, முழுவதையும் தங்கையின் உள்ளங்கையில் கொட்டினாள். கடுகைவிடச் சின்ன கறுப்பு விதைகள். கையை மூடவும் தோன்றாமல் கவிழ்க்கவும் தோன்றாமல் தங்கை நின்றாள். காற்று ஒன்றிரண்டாக எடுத்துப் போட்டது, கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.