தேயாத ஷூ

சர்க்கரை குறையாததற்குக் காரணம் ஷூதான் என்று அவள் கணவன் முடிவு கட்டிவிட்டான். மருத்துவர் நடக்கச் சொல்லி ஒரு வருஷமாகிறது. அவளும் விடிந்தும் விடியாமலும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வீடு திரும்புகிறாள். பின்னே ஏன் இறங்கவில்லை? "தப்பான ஷூ போட்டு நடந்தா நடந்ததே வீண்னு போட்டிருக்கான் பாரு. வா, இன்னிக்கு நல்லதா ஒண்ணு எடுத்துரலாம்" என்று கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

உண்மையில் அவள் நடக்கவே இல்லை.

லிஃப்டில் ஏறி, கீழே போகாமல் மேலே போவாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதில் உட்கார்ந்துகொள்வாள். பாட்டுக் கேட்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, சும்மா இருப்பாள். இதற்கா இவ்வளவு திருட்டுத்தனம் என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்! இரண்டே அறை, ஐந்து பேர். கூடத்து மூலையில் கணினி முன் உட்கார்ந்து அவள் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுவாள். முதுகுக்குப் பின்னால் மாமனாரின் டி.வி. அலறும். பிள்ளைகள் இரண்டும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று கோள் சொல்லும். "எக்ஸ்பிரஸ், என் கண்ணாடி எங்கேம்மா?" என்பார் மாமனார். காலையில் அவள் நடக்கக் கிளம்பும் வேகத்துக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட யாராவது வந்து தட்டுவார்கள். கணவனோ நல்ல மனுஷன். குடியில்லை, கோபமில்லை, எதற்கெடுத்தாலும் 'நான் இருக்கேன்ல' என்பான். வம்பே அதுதான். நல்லவனிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

ஷூக்கடைப் பெண் அவளை உட்கார வைத்துக் கேட்டாள்: "போட்டுட்டு வந்த ஷூவக் குடுங்கக்கா. அடி தேஞ்சிருக்கறதப் பாத்தா நீங்க பாதத்த எப்படி ஊனறீங்கன்னு தெரிஞ்சிரும். அதுக்கேத்த மாதிரி எடுக்கலாம்."

"வேணாம்மா, அழுக்கு" என்று அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அட, இதுக்கென்ன வெட்கம்" என்று கணவனே குனிந்து, ஒரு ஷூவைக் கழற்றிக் கொடுத்தான்.

கடைப் பெண் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த மேடு பள்ளமெல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூட முழுசாகப் போகவில்லை. "இப்பதான் வாங்கினீங்களாக்கா?"

"ஒரு வருஷமாச்சும்மா, தினம் ஒரு மணி நேரம்..." என்று பெருமையாக ஆரம்பித்த கணவன் பாதியில் நிறுத்தினான். ஷூவை வாங்கிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நீ நடக்கறதே இல்லியா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மாடில போய் உக்காந்திருப்பேங்க. எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள்! கல்யாணமான நாளிலிருந்து வாய்வரை வந்து திரும்பிப் போனதை, ஒரு கால் வெறுங்காலாக, ஷூக்கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. திட்டினால் திட்டட்டும். திட்டினால்தானே பதிலுக்கு நாலு வார்த்தை பேச முடியும்.

அவன் திட்டவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தனியா நடக்க போரடிச்சிருக்கு, அதான் போய் உக்காந்துட்டே. என் தப்புதான்மா. பாவம், மாடில ஒத்தையா..." என்றவன் கடைப் பெண்ணிடம் திரும்பினான். "எனக்கும் ஒரு ஜோடி காட்டும்மா, இதே கலர்ல. நாளைலருந்து சேர்ந்தே போறோம்."

"அதில்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் இருக்கேன்ல."

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள் கடைப் பெண். புது ஷூ அவள் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அளவைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

மறுநாள் விடிகாலையில் அவனே குனிந்து, அவள் லேஸை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டிவிட்டான். லிஃப்டுக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் அவள் விரல் மேல்மாடிப் பொத்தானுக்குப் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கீழ்ப் பொத்தானை அமுக்கினான்.

"அப்படி என்னதான் இருக்கு மேல?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

அவன் கையை விடவில்லை. லிஃப்ட் கீழே இறங்கியது.