பச்சை வண்டி எந்த வருஷத்தது?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு மலையூரான இன்னர்லீதனின் கடைத்தெருவில் இன்னிஸ் நடத்தும் மீன் வறுவல் கடையில் என் பொட்டலத்துக்காகக் காத்து நின்றபோது, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒரு பழைய மலைச் சைக்கிளின் புகைப்படம். பண்ணைக் கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டை யாரோ அதன் மேல் வாரி அப்பியிருந்தார்கள். பெயர் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. கீழே பெரிய எழுத்தில்: ‘இது என்ன மாடல், எந்த வருஷம்? தெரிந்தவர்கள் எழுதவும். இஷ்பெல்.’

எழுதியிருந்தார்கள். இந்த ஊரில் பழைய சைக்கிளுக்கு வருஷம் சொல்லக் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு எழுந்து வருவார்கள். ‘ஹாசல்டீன் கம்பெனி. கர்லூ மாடல். 93.’ ‘93 இல்லை, 94. பின் சட்டத்தின் வளைவைப் பார்.’ ‘வளைவைப் பார்க்க இதென்ன வாழைப்பழமா? 92.’ ‘நோவாவின் கப்பலில் இருந்து இறக்கியது.’ ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு வருஷம். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. வண்டி தொண்ணூற்றைந்துக்கு முந்தையது.

இஷ்பெலுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘இஷ்பெல் ராங்கின் அந்தச் சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோது மழை பெய்துகொண்’

வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்தது என்று எழுதுவதும், ஆள் மூச்சு விட்டாள் என்று எழுதுவதும் ஒன்றுதான்.

‘சாகும் தறுவாயில் கணவன் அவள் கையைப் பிடித்து, அந்தச் சைக்கிளை மட்டும்’

இது அதைவிட மோசம். இஷ்பெலுக்குக் கணவன் இருந்ததே இல்லை. ஒரு பெண் ஒரு சைக்கிள்மேல் ஆசைப்பட்டால், அதற்குப் பின்னால் செத்துப்போன ஆண் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

நேராகவே சொல்கிறேன். இஷ்பெலுக்கு ஐம்பத்து மூன்று வயது. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறாள். ஒரு பண்ணை ஏலத்தில் இரும்புக் கேட் ஒன்றை எடுத்தாள். அதோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த சைக்கிளும் கூடவே வந்துவிட்டது. கேட்டும் பச்சை, வண்டியும் பச்சை. ஊருக்கு மேலே, லார்ச் மரக் காட்டுக்குள் செங்குத்தாக இறங்கும் ‘பன்றி முதுகு’ என்ற சைக்கிள் தடத்தை வெட்டியவர்களில் அவளும் ஒருத்தி. மண்ணை வெட்டினாள், கல் சுமந்தாள், வடிகால் எடுத்தாள். ஒவ்வொரு கோடை முடிவிலும் அந்தத் தடத்தில் ‘துருப் பந்தயம்’ நடக்கும். பழைய சைக்கிள்களுக்கு மட்டும். தொண்ணூற்றைந்து வரைக்கும் பிறந்த வண்டிதான் ஓடலாம். அது ஏன் தொண்ணூற்றைந்து என்று கேட்கிறீர்களா? விதியை எழுதியவர் கசாப்புக் கடை கேவின் பர்வ்ஸ். அவருடைய வண்டி தொண்ணூற்றைந்து.

இஷ்பெலிடம் அப்படிப் பழைய வண்டி எதுவும் இருந்ததில்லை. ஊரே மணியடித்துக் கத்தும்போது அவள் ஈரமான வளைவில் மண்வாரியோடு நின்று, விழுந்தவர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் லார்ச் மரங்களுக்கு நோய் வந்துவிட்டது. மலைச்சரிவு மொத்தத்தையும் வெட்டப் போகிறார்கள். தடத்தைக் கயிறு கட்டி மூடியாகிவிட்டது. பந்தயத்துக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அனுமதி. திங்கட்கிழமை மரம் வெட்டும் எந்திரம் வருகிறது. வெட்டிய மரத்தை ஏற்றிப் போகப்போவது இஷ்பெலின் லாரி.

அவளுக்கு இந்தப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் கதை.

(தனியாக எத்தனையோ முறை அதில் இறங்கியவள்தானே, இப்போது என்ன புதிதாக என்று நானும் கேட்டேன். “தனியா போனா மரத்துக்கு மட்டுந்தான் தெரியும். அந்த மரத்தையும் திங்கக்கிழம நானே ஏத்திட்டுப் போயிருவேன். அப்புறம் யாருக்குத் தெரியும்?” என்றாள்.)

3

இதுவரை எழுதியதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் இளஞ்சேரல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இஷ்பெல், கேவின்னு நம்ம வாசகருக்கு ஒட்டாதே. குன்னூர்னு மாத்திடுங்களேன். தேயிலை லாரி ஓட்டுற பொண்ணு. சைக்கிளும் நம்மூர் சைக்கிளா இருக்கட்டும், கேரியர் வெச்சது.”

“கேரியர் வெச்ச வண்டியில பன்றி முதுகுல எறங்கினா கேரியர் தனியா வரும், ஆள் தனியா வரும்.”

“நீங்க தமிழ்ல எழுதுறீங்க. மனசுல வெச்சுக்கங்க.”

வைத்திருக்கிறேன். அதனால்தான் கோபம். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். இஷ்பெலின் முழங்கால் வலிக்குத் தைலம் கொடுக்கிறவன் நான். பிறகு யார் எழுதுவது இவளை? தமிழுக்குக் குன்னூர் வரைக்கும்தான் மூச்சு வரும் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் இவர்களை இவர்கள் ஊரிலேயே வைத்து, என் மொழியில்தான் பேசவிடுவேன்.

(கதை எழுதுவது தெரிந்ததும் இஷ்பெல் கடைக்கு வந்தாள். “என்னப் பத்தி எழுதறியாமே? குண்டுன்னு ஒரு வார்த்த எழுதினே, லாரிய உன் கடைக்குள்ள விட்டுருவேன்.” ஆகவே அவள் உடல்வாகு பற்றி இந்தக் கதையில் குறிப்பு எதுவும் இருக்காது.)

4

பந்தயத்துக்கு முந்தின நாள் பிற்பகல், ஊர் மன்றத்தில் வருஷம் சொல்லும் சடங்கு. ஒவ்வொரு வண்டியையும் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மூன்று பேர் சுற்றி வந்து பார்ப்பார்கள். கேவின், மாட்டு வைத்தியர் டவீனா டெய்ட், வறுவல் கடை இன்னிஸ். பிறகு ஒவ்வொருவராகச் சட்டத்தின்மேல் கை வைத்து மாடலையும் வருஷத்தையும் சொல்ல வேண்டும். மூவரில் இருவர் சொல்வதுதான் வண்டியின் வயது. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் தீர்ப்பு முடிந்தது. அதன்பிறகு மாற்ற முடியாது. அதுவரைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், சொன்னதை மாற்றியும் சொல்லலாம்.

நானும் தேநீர்க் கோப்பையோடு சுவரோரம் நின்றிருந்தேன். பச்சை வண்டி மேசைக்கு வந்தது. கேவின் சங்கிலிப் பக்கம் பார்த்தார், தலையாட்டினார். இடப்பக்கம் போனார். நின்றுவிட்டார்.

“இதென்ன காது?”

பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில், சட்டத்தோடு பற்றவைத்த சின்ன இரும்புத் தகடு. இரண்டு துளை. டிஸ்க் பிரேக் மாட்டுவதற்கான காது.

இங்கேதான் எல்லோரும் கோட்டைவிட்டோம். இந்த ஊரில் சைக்கிளைப் படமெடுத்தால் சங்கிலிப் பக்கம்தான் எடுப்பார்கள். மறுபக்கம் எடுத்தால், குழந்தையைப் பின்புறமாகப் படம் எடுத்த மாதிரி கேலி செய்வார்கள். இஷ்பெலும் முறைப்படிதான் எடுத்தாள். ஜன்னலில் வருஷம் எழுதிய அத்தனை பேரும் அந்த ஒரு பக்கத்தை வைத்தே சண்டை போட்டார்கள். மறுபக்கத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

“அது மட்கார்டு மாட்டுறதுன்னு நெனச்சேன்,” என்றாள் இஷ்பெல்.

“கர்லூவுல காது வந்தது தொண்ணூத்தொம்போதுல,” என்றார் கேவின். சட்டத்தில் கை வைத்தார். “கர்லூ. தொண்ணூத்தொம்போது.”

“கேவின், அந்தப் பத்தவைப்பப் பாரு. மத்த மூட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கு. இது மட்டும் கஞ்சி கொட்டின மாதிரி இருக்கு. பின்னால எவனோ வெச்சிருக்கான்,” என்றாள் இஷ்பெல்.

“கம்பெனியிலயே எவனோ வெள்ளிக்கிழம சாயந்தரம் பத்தவெச்சிருப்பான். வீட்டுக்குப் போற அவசரம்.”

டவீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தாள். “இஷ்பெல், எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. காது இருக்கே. இருக்கிறத இல்லைன்னு சொல்ல முடியாதே. தொண்ணூத்தொம்போது.”

இன்னிஸ் வாயைத் திறக்கவே இல்லை. கையை வைத்து, அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினான்.

கேவின் வண்டியை நிமிர்த்தப் போனார். இஷ்பெல் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“தொடாத.”

5

இந்த இடத்தில் கேவினைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

ஆளை வில்லனாக எழுதிக்கொண்டு போகிறேன். அது சுலபம். கசாப்புக் கத்தி வேறு கையில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த கேவின், அன்று அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். மெதுவாகத்தான் பேசினார். “உனக்கு ஒண்ண விட்டா, நாளைக்கு எவனாவது போன வருஷத்து வண்டிக்குத் துரு பூசிக்கிட்டு வருவான். இந்த ஒரு விதியாலதான் இந்தப் பந்தயம் இவ்வளவு நாள் ஓடுது.” அதிலும் நியாயம் இருக்கிறது. மனிதர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அதற்காக அவரை முட்டாளாக எழுத மாட்டேன்.

“கடைசிப் பந்தயம் கேவின்,” என்றாள் இஷ்பெல். “நாளைக்கு அப்புறம் தடமே கெடையாது. எந்த நாளைக்கு எவன் துரு பூசிட்டு வரப்போறான்?”

[இதற்குக் கேவின் சொல்ல ஒரு பதில் தேடினேன். மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன்.]

6

இனி முடிவுகள். கையில் இருப்பதைக் காட்டுகிறேன்.

அ) ஹாசல்டீன் கம்பெனியில் வேலை பார்த்த யாரோ ஒருவர் தற்செயலாக மன்றத்துக்குள் நுழைந்து, “அட, இந்த வண்டி”

தற்செயலாக நுழைகிறவர்களை நான் என் கதைக்குள் விடுவதில்லை.

ஆ) கேவின் மனம் மாறி, கண் கலங்கி

கசாப்புக் கடையில் வெங்காயம்கூட நறுக்குவதில்லை. இது நடக்காது.

இ) சாவி. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காட்டுக்குள் போகும் பாதையில் இரும்புத் தடுப்பு இருக்கிறது. மர லாரி ஓட்டுகிறவர்களிடம்தான் அதற்குச் சாவி உண்டு. ஞாயிறு காலை அதைத் திறந்துவிட ஒப்புக்கொண்டவள் இஷ்பெல். அவள் திறக்காவிட்டால் பந்தயமே இல்லை. மேசைமேல் சாவியை வைத்து, “இப்ப சொல்லுங்கடா வருஷத்த” என்று கேட்க வைத்தேன். எழுதியதை அவள் மொழியில் மாற்றி அவளிடம் வாசித்தும் காட்டினேன்.

முகம் சிவந்துவிட்டது. “நான் எப்படா அப்படிச் சொன்னேன்? சாவிய வெச்சு மெரட்டி ஓட்டினா அது ஓட்டுனதா? என்னப் பாத்தா உனக்கு வழிப்பறிக்காரி மாதிரியா இருக்கு? கிழி அத.”

கிழித்தேன்.*

* கிழித்ததைச் சேர்த்து ஒட்டி உங்களுக்குக் காட்டிவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நான் பிழைத்தேன்.

7

அவள் செய்தது இது. முன்சக்கரத்தை என் கையில் கொடுத்தாள். “விழாமப் பிடி. எவனும் நிமித்தக் கூடாது.” வெளியே போய் லாரியின் கருவிப்பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தாள்.

“என்ன பண்ணப் போற?” என்றாள் டவீனா.

“காது இருக்குன்னுதான சொன்னே?”

அறுத்தாள். இரும்புத்தூள் மேசை விரிப்பில் உதிர்ந்தது. என் கையில் சக்கரம் அதிர்ந்துகொண்டிருந்தது. துண்டு விழுந்ததும் அதை எடுத்துக் கேவினின் சட்டைப் பையில் போட்டாள்.

“இந்தா, உன் தொண்ணூத்தொம்போது.”

“இது மோசடி,” என்றார் கேவின். “சாட்சியையே அழிச்சிட்ட. இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

“ஆமா. உன்னாலயும் முடியாது. அது பண்ணையில வெச்சதுன்னு நான் சொல்றேன், கம்பெனியில வெச்சதுன்னு நீ சொல்ற. ரெண்டு பேருக்குமே தெரியாது. தெரியாததுக்கு ஏன்டா என்ன வெளியில நிறுத்துற?”

கேவின் மறுபடி கை வைத்தார். “தொண்ணூத்தொம்போது. நான் பாத்தத பாத்தேன்.”

டவீனா வெகுநேரம் வண்டியைச் சுற்றி வந்தாள். பிறகு, “நான் இப்ப என்ன இருக்கோ அதத்தான் பாக்கறேன். தொண்ணூத்தி நாலு,” என்றாள்.

லாரிக்குள் வைத்துக்கூட இஷ்பெல் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் இன்னிஸ் பக்கம் திரும்பியபோது, அவள் குரல் அவளுடையதாகவே இல்லை.

“இன்னிஸ், உங்கிட்ட கெஞ்ச மாட்டேன். எதுவா இருந்தாலும் வாயத் தெறந்து சொல்லு. தலையாட்டாத.”

8

இளஞ்சேரல் மறுபடி கூப்பிட்டார். “சரி, அந்த ஊரே இருக்கட்டும். முடிவு என்னன்னு மட்டும் சொல்லுங்க. பக்கம் ஒதுக்கணும்.”

சொல்ல மாட்டேன். இன்னிஸ் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரேதான் நின்றிருந்தேன். ஆனால் இந்தக் கதையில் மூன்றாவது ஆள் இன்னிஸ் இல்லை. அவனை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டேன். அந்த இடம் உங்களுடையது.

வண்டி இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது. நான் பிடித்திருக்கிறேன். நீங்கள் தொண்ணூற்று நான்கு என்றால், நாளைக் காலை அவள் எல்லோரோடும் மலையுச்சியில் நிற்பாள். அவள் வெட்டிய தடத்தில், ஊரே மணியடிக்க, ஒரே ஒரு முறை இறங்குவாள். அதை எழுத நான் காத்திருக்கிறேன், தாள்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

தொண்ணூற்றொன்பது என்றால், அதுவும் உங்கள் உரிமை. கேவின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நானே எழுதிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் தேவைப்படும். இஷ்பெல் அதிகாலையில் போய், சொன்ன சொல் தவறாமல், மற்றவர்களுக்காகத் தடுப்பின் பூட்டைத் திறந்துவிட்டு, மண்வாரியோடு அந்த ஈர வளைவில் போய் நிற்கிற வாக்கியம். அதை நான் எழுத மாட்டேன். நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்தில்.

அறுத்த இடத்தில் சூடு இன்னும் ஆறவில்லை. கையை வையுங்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள், தலையாட்டுவது செல்லாது.