ஒரு பெட்டி வெண்ணெய் அளவு

என் மனைவி நோரீன் குண்டு. இதைச் சொல்ல எங்கள் கென்டக்கி ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை, அவளும்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் மிச்சமானதை வீணாக்க மனமில்லாமல் தின்றே இப்படி ஆனேன் என்பாள். அவள் உருவத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் கவலையெல்லாம் அவள் மூச்சைப் பற்றித்தான். தூங்கும்போது அது நின்றுவிடுகிறது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் மாதிரி இழுப்பாள். அதுவரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒருநாள் அந்த மூச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. பள்ளிக்கூடம் கொடுத்த இன்ஷூரன்ஸ்தான் கட்ட வேண்டும். கட்டுவார்கள், இரண்டு நிபந்தனையோடு. ஆறு மாதம் பத்தியம் இருந்து மாதாமாதம் டாக்டரிடம் எடை போட்டுக் காட்ட வேண்டும். ஒரு மாதம் எடை ஏறினாலும் அவள் ஒத்துழைக்காத நோயாளி. அதே சமயம், கடைசி நாளில் இருநூற்று முப்பத்து மூன்று பவுண்டுக்குக் கீழே போய்விட்டால் ஆபரேஷனே தேவைப்படாதவள்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன்.

"எடை குறையணும்தான் சார்," என்றாள் அந்தப் பெண், குரலில் தேன் ஒழுக. "ஆனா ரொம்பக் குறைஞ்சிடக் கூடாது."

"அவளுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதும்மா!"

"அது உங்க திட்டத்துல கணக்கு இல்ல சார். எடை மட்டும்தான். வேற ஏதாவது உதவி வேணுமா?"

நோரீன் செய்த தப்பு ஒன்றுதான். பத்தியம் நிஜமாகவே இருந்தாள். சர்ச் விருந்தில் எல்லோரும் கோழி வறுவலை வெளுத்துக் கட்ட, இவள் கேரட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு பவுண்டு குறைத்தறியாதவள், மாதாமாதம் இறங்கி ஐந்தாவது மாதம் இருநூற்று முப்பத்து நான்குக்கு வந்துவிட்டாள். டாக்டரிடம் எடை போடும் நர்ஸ் ட்ரூடி, சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் நோரீன் பரிமாறிச் சாப்பிட்டவள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மிஸ் நோரீன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இத்தோட நிறுத்துங்க. இதுக்கு மேல ஏறவும் கூடாது, ஒரு பவுண்டுக்கு மேல இறங்கவும் கூடாது."

ஒரு பவுண்டு என்பது ஒரு பெட்டி வெண்ணெய். அந்த இடைவெளிக்குள் என் மனைவி ஒரு மாதம் நிற்க வேண்டும்.

கவலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசி எடைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு எடைமெஷின் இருநூற்று முப்பத்து ஒன்று காட்டியது.

"பான்கேக் சுடட்டுமா?"

"பேரைக் கேட்டாலே குமட்டுது, வெண்டல். விடு."

எப்படி விடுவது? அவள் கடைக்குப் போன நேரத்தில் என் மீன்பிடிப் பெட்டியைத் திறந்தேன். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை இரண்டு பவுண்டுக்கு எடுத்து, மறுநாள் போடவிருந்த அவள் ஸ்கர்ட்டின் கீழ் மடிப்பில் வரிசையாக வைத்துத் தைத்தேன். அவளிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"இது ஏன் இப்படிக் கனக்குது?" என்றாள் காலையில்.

"சரியாக் காயல போல," என்றேன்.

டாக்டர் வாசலில் அவளை இறக்கிவிட்டு, டிரக்கை நிறுத்திவிட்டு நான் உள்ளே போனபோது அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினில் ஏறினாள். இருநூற்று முப்பத்து ஆறு.

"ரெண்டு பவுண்டு ஏறியிருக்கே!" என்றாள் ட்ரூடி.

"அவ்வளவு வராதே," என்று நோரீன் உளறினாள். "மூணு சின்ன பாட்டில் தண்ணிதானே குடிச்சேன்..."

எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"மெஷினே கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுது, மிஸ் நோரீன். என்னால அழிக்க முடியாது. திரும்ப முதல்லேர்ந்து ஆறு மாசம். அதுக்கும் இருநூத்தி முப்பத்து மூணுக்கு மேல இருந்தாத்தான் பேரைச் சேப்பாங்க."

டிரக்கில் ஏறும்போது ஸ்கர்ட் கதவில் இடித்து டங்கென்றது. நோரீன் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், வண்டியே குலுங்குகிற மாதிரி. பிறகு அழுதாள்.

"மடையா."

"நீ மட்டும் என்ன? சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நினைச்சேன்."

வழக்கமான சாப்பாட்டுக் கடைக்கு வண்டியை விட்டேன். அவள் மெனு அட்டையைப் பிரிக்கவே இல்லை.

"திரும்பச் சேர்ந்து ஆறு மாசம் இறங்கிக் காட்டணும்னா நான் இப்ப எடை ஏத்தணும். அப்படித்தானே?"

"அப்படித்தான் போல."

"பதினஞ்சு பவுண்டு, வெண்டல். நானே குறைச்சது. என் வாழ்க்கையில முதல் தடவை. அதைத் திரும்ப ஒட்டிக்கச் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் திறந்தேன். இரண்டும் வரவில்லை. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

பரிமாறுகிற பெண் வந்து நின்றாள். "என்ன கொண்டு வரட்டும், செல்லங்களா?"

நோரீன் தன் அட்டையை என் பக்கம் தள்ளினாள். "நீயே சொல்லு."

மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். எதைத் தின்றால் அவள் உயிரோடு இருப்பாள் என்று அதில் எங்கும் போட்டிருக்கவில்லை.