இடப்பக்கம் இரண்டு விரல்

ஜீப்புக்கு முன்பக்க ஸ்பிரிங் மாற்ற வந்தவர் நில அளவையாளர். மூன்று அங்குலம் தூக்கித் தரச் சொன்னார். மாலையில் மனைவியோடு மலை ஏற வேண்டுமாம். மனைவி பட்டறை வாசலில் நிழல் பார்த்து நின்றாள்.

பட்டறைக்காரருக்கு மட்டக்கோல் என்று பட்டப்பெயர். ஒரு நூல் சாய்வு இருந்தாலும் வண்டியை வெளியே விடமாட்டார்.

மேசையில் இரண்டு ஜோடி ஸ்பிரிங் இருந்தன. ஒன்று மெல்லிசு, தூக்குவது ஒன்றரை அங்குலம்தான். மற்றது தடித்தது, மூன்று அங்குலம். முன்னால் இரும்புப் பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பி கட்டி இழுக்கும் வின்ச்சும் சுமக்கும் வண்டிக்கென்று செய்தது. இந்த ஜீப்பில் இரண்டும் இல்லை. பாரம் இல்லாத வண்டிக்குத் தடித்ததைப் போட்டால் சக்கரம் குழியில் இறங்காது, துள்ளும். துள்ளுகிற சக்கரம் திருப்பத்தில் பேச்சைக் கேட்காது.

மட்டக்கோல் மெல்லிசை எடுத்தார். பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மச்சான் தடுத்தான்.

"கேக்குறதைக் கொடுத்துட்டுப் போங்க மாமா. நீங்க என்ன அவருக்குச் சித்தப்பாவா?"

தடித்த ஜோடி முந்தாநாள்தான் அவன் கடைக்கு வந்தது. சிவப்புப் பெயின்ட் இன்னும் மணத்தது. மட்டக்கோல் அதையே மாட்டினார்.

வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்தார். இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. டயர் காற்றைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இரண்டும் சரி. ஸ்பிரிங்குகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். ஸ்பிரிங்கில் கோளாறு என்றால் சாய்வு வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. அதே இடப்பக்கம், அதே இரண்டு விரல்.

ஓட்டுநர் இருக்கையில் அளவையாளரை உட்கார வைத்தார். வலப்பக்கம் அரை விரல் இறங்கியது. பிறகு மனைவியை இடப்பக்கம் உட்காரச் சொன்னார். டேப் அசையவில்லை. ஒரு நூல்கூட இல்லை. அந்தப் பக்கத்து எடை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

அவள் உடனே இறங்கிவிட்டாள்.

"இங்க இப்ப யாரு உட்கார்ந்திருந்தாங்க? சீட்டு சூடா இருக்கு."

காலையிலிருந்து அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. நடுப்பகல். பட்டறைக்குள் வெயில் வருவதில்லை.

மட்டக்கோல் ஸ்பிரிங்கை மறுபடி கழற்றினார். அடிச்சுற்றில் பெயின்ட்டைச் சுரண்டினார். மூன்று புள்ளிகள். தான் மாட்டும் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் அவர் அடிக்கும் அடையாளம்.

இன்று இதில் அவர் அடிக்கவில்லை; இந்தத் தடித்த ரகத்தை இதற்கு முன் அவர் மாட்டியது ஒரே ஒரு வண்டிக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் இதே உயரம் கேட்டார். அந்த வண்டியிலும் பம்பர் இல்லை, வின்ச் இல்லை. கேட்டதைக் கொடுத்தார். ஒன்பதாம் நாள், மலைத் திருப்பத்தில் வண்டி துள்ளி உருண்டது. ஓட்டியவர் பிழைத்தார். இடப்பக்கம் இருந்த மனைவி பிழைக்கவில்லை. எல்லோரும் வேகம் என்றார்கள். மட்டக்கோலும் வேகம் என்றார்.

மச்சானைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பெயின்ட் அடித்ததை ஒப்புக்கொண்டான். எல்லாக் கடையிலும் நடப்பதுதானே என்றான்.

அளவையாளரிடம் மட்டக்கோல் எதையும் மறைக்கவில்லை. அவர் குனிந்து அந்த மூன்று புள்ளிகளைத் தடவிப் பார்த்தார்.

"நான்தானே மூணு அங்குலம் கேட்டேன்?"

"அவரும்தான் சார் கேட்டாரு. வண்டிக்கு முன்னாடி என்ன பாரம்னு நான் கேக்கல."

கேஸ் கட்டரைப் பற்ற வைத்து இரண்டு ஸ்பிரிங்கையும் நடுவில் அறுத்தார். மச்சான் முனகினான். இதற்கெல்லாம் பயந்தால் கடை நடத்த முடியுமா என்றான்.

மெல்லிசு ஜோடியை மாட்டி இறக்கினார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அளவையாளரின் மனைவி தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தாள். இடப்பக்கம் அரை விரல் இறங்கியது.

"இப்ப சீட்டு எப்படிம்மா இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு."

மட்டக்கோல் டேப்பை விட்டார். அது சுருண்டு உள்ளே போனது. மச்சான் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தப்பான ஸ்பிரிங்கை மாட்டினேன், அது ஒரு கொலை. தெரிஞ்சும் மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதனாலதான் அது பெயின்ட் அடிச்சுக்கிட்டு என்கிட்டயே திரும்பி வந்துச்சு. நீயும் நானும் விக்கிறது இரும்பு இல்லடா மச்சான். பக்கத்துல உட்கார்றவங்க உசுரு."