திப்ஸின் மூச்சு

மகள் ஹிஸ்ஸா படிக்க டப்ளின் கிளம்பிய அன்று நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அவள் தனியாகக் கடல் தாண்டிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. அவளும் கெஞ்சவில்லை. இந்த அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "யுபா, திப்ஸை மட்டும் பாத்துக்குங்க."

திப்ஸ் அவள் வளர்த்த மலைப்பாம்பு. திப்ஸ் என்றால் பேரீச்சம்பாகு; அதே நிறம், அதனால் அந்தப் பெயர். வீட்டுக்குள் அது கூடாது என்று என் மனைவி நூரிய்யா சொல்லிவிட்டாள். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி, மாலையில் நண்பர்கள் சீட்டாட வரும் என் திவானியா அறையில் வைத்தேன். பெட்டியில் எரிந்த சூட்டு விளக்கை அன்றே அணைத்தேன். குவைத்தில், செப்டம்பர் வெயிலில், பாம்புக்குச் சூடு போதவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

முதல் வாரமே அதன் மூக்கிலிருந்து விசில் போல ஒரு சத்தம். பதறிப்போய் மிருக டாக்டர் நெர்மீனுக்கு போன் செய்தேன். சட்டை உரிக்கும் நேரம், பழைய தோல் மூக்கை அடைத்திருக்கும், பயப்படாதீர்கள் என்றார். உரித்த பிறகும் நிற்காவிட்டால் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். அந்தப் பாதி என் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் தோல் உரிந்து கிடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சத்தம் நிற்கவில்லை. நான்தான் கேட்பதை நிறுத்தினேன். ஏ.சி. பதினெட்டில் ஓடியது. வருபவர்களுக்கு மரியாதையாக ஊது என்கிற அகில்கட்டை புகைந்தது. ஞாயிறுதோறும் ஹிஸ்ஸா போனில் திப்ஸைப் பற்றிக் கேட்பாள், நன்றாக இருக்கிறது என்பேன். தானும் நன்றாக இருப்பதாகச் சொல்லுவாள். அதற்கு மேல் கேட்க என் வீம்பு விடவில்லை.

அக்டோபரில் ஒரு மாலை, திப்ஸ் தலையைக் கூரைப் பக்கம் தூக்கி, வாயைத் திறந்தபடி நின்றது.

"உன் பாம்பு அல்லாகிட்ட துஆ கேக்குது, அபூ ஹிஸ்ஸா," என்றான் சீட்டாட வந்திருந்த ஜாஸிம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். வாயோரம் நுரை. ஒவ்வொரு மூச்சும் கஞ்சி கொதிப்பதுபோல் களகளத்தது. அன்றுதான் அதை முதல்முறையாகத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஏ.சி. போடாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு காரை ஓட்டினேன். வியர்வை கண்ணில் வழிந்தது.

"எத்தனை நாளா இந்தச் சத்தம்?" டாக்டர் நெர்மீன் முதலில் கேட்டது அதுதான்.

குளிரில் நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். ஊசி போட்டார். சூட்டில் வைக்கச் சொன்னார். பிழைக்குமா என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றார்.

காரில் உட்கார்ந்து, முதல்முறையாக நானே ஹிஸ்ஸாவை அழைத்தேன். விளக்கை அணைத்ததையும் வாராவாரம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அது மூச்சு விடறதைக் கேக்கணும், யுபா."

போனைத் துண்டின் அருகே பிடித்தேன். பாம்பு மெதுவாகத்தான் மூச்சு விடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியிலும் அதே களகளப்பு கேட்டது. சத்தம் போனிலிருந்து வந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"எது?"

"உன் மூச்சு."

"வந்த வாரத்திலேருந்து," என்றாள்.

இடையில் ஐந்து ஞாயிறுகள் போயிருந்தன. ஐந்திலும் நான் அவளோடு பேசியிருக்கிறேன்.